செய்தித்தாளில் சுற்றிய கறி

நெகேவ்
22 பிப்ரவரி 1997, சனிக்கிழமை

என் செல்லம் கிரிஷாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் கைகால் சுகமாக இருக்கிறோம், அந்தப் பனி தேசத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் திறந்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. உன் கடிதம் வந்தது, போட்டோவும் வந்தது, தாடி உனக்குப் பொருந்தவில்லை, எடுத்துவிடு. இன்று ஓய்வுநாள், தெருவில் ஒரு வண்டி இல்லை, மேல்வீட்டுக்காரர்கள் ஜெபக்கூடத்துக்குப் போயிருக்கிறார்கள். ஓய்வுநாளில் எழுதுவது பாவம் என்பார்கள். மற்ற நாளெல்லாம் ஆலை என் கையை எடுத்துக்கொள்கிறது, இந்த ஒரு நாள்தான் என் கை எனக்குக் கிடைக்கிறது, அதை வைத்து என் மகனுக்கு எழுதுவது பாவம் என்றால் அந்தப் பாவம் என்னோடு இருக்கட்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ரஷ்யாப் பக்கம் நம் கோமெலில் ஆற்றுக்குப் பாலம் வரைந்த மனிதர் இங்கே பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளின் பையைத் திறந்து பார்க்கிறார், இந்த யூத நாட்டுக்கு அவர் படிப்பால் ஆகிற வேலை அவ்வளவுதான். பால்கனித் தொட்டியில் முள்ளங்கி போட்டிருக்கிறார், அது முளைத்துவிட்டது, அதைப் பற்றி உனக்குத் தனியாக எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

நீ எழுதியிருந்த ஒரு பத்தியை நான் நாலு தடவை படித்தேன். உன்னோடு வேலை செய்கிற பாகிஸ்தான்காரர் மதியச் சாப்பாட்டில் கேட்டாராம், நாங்களும் பன்றி தொடுவதில்லை நீங்களும் தொடுவதில்லை, எங்களுக்கு ஏன் என்று தெரியும், உங்களுக்கு ஏன் என்று. நீ சூடான நாடு, புழு, நோய், சுகாதாரம் என்று ஏதோ சொன்னாயாம். சொல்லிவிட்டு வெட்கமாக இருந்தது அம்மா, கோமெலில் நாம் வாராவாரம் தின்றோமே, அப்படியானால் நாம் என்ன யூதர்கள் என்று எழுதியிருந்தாய். முதலில் அந்தப் புழுக் கதையைத் தூக்கிக் குப்பையில் போடு. உன் அம்மா பதினான்கு வருஷம் கோமெல் மாமிச ஆலையின் சோதனைக் கூடத்தில் வேலை செய்தவள், புழு இருக்கிறதா என்று கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தவள். நன்றாக வெந்தால் அந்தப் புழு செத்துவிடும், வெயிலில் வைத்தால் ஆட்டுக்கறியும்தான் நாறும், இதே வெயிலில் இதே கடற்கரையில் பக்கத்து ஊர்க்காரர்கள் மூவாயிரம் வருஷத்துக்கு முன்பே பன்றியைச் சுட்டுத் தின்று நன்றாகத்தான் இருந்தார்கள், இங்கே தோண்டுகிறவர்கள் அந்த ஊர்களில் கூடை கூடையாகப் பன்றி எலும்பு எடுக்கிறார்கள், மலைமேல் இருந்த நம் ஆட்களின் ஊர்களில் தோண்டினால் அநேகமாக ஒன்றும் கிடைப்பதில்லை. ஆனால் உன் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு, நாம் என்ன யூதர்கள் என்பதற்கு, அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. போன வாரம் ஆலையின் குளிர்பெட்டியில் ஒரு ரஷ்யச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. தேநீர் போட்டுக்கொண்டு உட்கார், கடிதம் நீளும்.

ஆலை உனக்குத் தெரியும், வெளிநாட்டுக் கடைகளுக்கு உள்ளாடை தைக்கிறோம், நூற்றுப் பன்னிரண்டு பெண்கள். இடது பக்க வரிசைகளில் மொரோக்கோவிலிருந்து வந்த யூதப் பெண்களும் அவர்கள் மகள்களும், வலது பக்கத்தில் ரஷ்யாவிலிருந்து வந்த நாங்கள். அவர்கள் எங்களைப் பன்றி தின்னிகள் என்பார்கள், நாங்கள் அவர்களைப் படிக்காதவர்கள் என்போம், நானும் சொல்லியிருக்கிறேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. இந்தப் பகை நடுவில் இருப்பது ஒஃபெருக்குத்தான் நல்லது. ஒஃபெர் ஷிப்ட் மேலாளன், முப்பத்தைந்து வயது, வடக்கே பெரிய ஊரிலிருந்து வந்தவன், ஓய்வுநாளில் கார் ஓட்டுவான், உபவாச நாளில் சிகரெட் பிடிப்பான், சாமிக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவன் கொண்டுவந்த ஏற்பாடுதான் சீட்டு. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் அவனிடம் கை நீட்டிச் சீட்டு வாங்க வேண்டும், ஷிப்டுக்கு இரண்டு சீட்டு, மூன்றாவது கேட்டால் வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, “என்ன பாட்டி, ஓட்டையா?” என்பான். நாற்பது வயதுப் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் தைக்கக் கற்றுக்கொண்டார்கள், இந்தப் பாலைவனத்தில். சமையலறைக்கும் ஆள் போடாமல் எங்களையே முறை வைத்து அனுப்புகிறான். தையல் குறையக் கூடாது, வெங்காயமும் உரிக்க வேண்டும்.

ஜனவரியில் அந்தச் சமையலறை முறையில்தான் நான் ஜோஹராவோடு மாட்டிக்கொண்டேன். ஜோஹரா மொரோக்கோ பக்கத்தில் எல்லோரும் பயப்படுகிற ஆள், ஐம்பது வயது, தலையில் துணி, ஏழு பிள்ளைகள், வாய் திறந்தால் மூடமாட்டாள். முதல் நாள் என்னைப் பார்த்து, “ஏய் ரஷ்யாக்காரி, அந்தக் கத்தியத் தொடாத, உன் கை எதையெல்லாம் தொட்டுச்சோ” என்றாள். நான், “உன் வாய விட என் கை சுத்தம்தான்” என்றேன். அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள், அன்றைக்கே பேச்சு ஆரம்பமாகிவிட்டது. அவளும் சீட்டுக்குக் கை நீட்டுகிறவள், நானும் நீட்டுகிறவள், வெங்காயம் உரிக்கிற நேரத்தில் பேச வேறு என்ன இருக்கிறது. மூன்று வாரத்தில் இரண்டு பக்கமும் பேசி முடித்துவிட்டோம், தொழிலாளர் குழு ஒன்று வைப்பது, தலைவியாக அவள், செயலாளராக நான், பிப்ரவரி பன்னிரண்டு புதன்கிழமை வாக்கெடுப்பு. இந்த ஆலையில் இடதும் வலதும் சேர்ந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. ஒஃபெர் அந்தக் காகிதத்தை வாங்கி ஒவ்வொரு கையெழுத்தாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, தேநீர் இடைவேளை. சாதோக் என்று ஒருவரைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன், யேமன் வழி வந்த மெலிந்த மனிதர், உணவுக்கூடத்தின் கோஷர் மேற்பார்வையாளர், அதாவது சமையல் நம் சட்டப்படி சுத்தமா என்று காவல் பார்க்கிறவர், முட்டையில் இரத்தப் பொட்டு இருக்கிறதா, அரிசியில் பூச்சி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறவர். அடுப்பை யூதர் கை பற்ற வைத்தால்தான் அவருக்குச் சமையல் சுத்தம். முன்பெல்லாம் சமையல் முறையில் இருக்கிற யாரும் பற்ற வைப்பார்களாம், ரஷ்யாக்காரிகள் வந்த நாளிலிருந்து தீப்பெட்டி அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது, அவரே வந்து பற்ற வைப்பார். எங்களில் யார் யூதர் யார் இல்லை என்று அவருக்குச் சந்தேகம். அதை அவர் வாயால் சொன்னதில்லை, தீப்பெட்டி சொல்லும். அன்று காலை அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவரை ஒஃபெர் போன் போட்டுத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறான். அவர் மூச்சிரைக்க வந்தார், ஒஃபெர் அவரை நேராகக் கறி வைக்கும் பெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனான், அடித்தட்டில் கோழிகளுக்குப் பின்னால் ரஷ்யச் செய்தித்தாளில் கட்டிய ஒரு பொட்டலம். சாதோக் கைக்கு இரண்டு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு அதை எடுத்து இரும்பு மேசை மேல் வைத்துப் பிரித்தார். சிவப்பாக, புகை போட்ட வாசனையோடு, முழங்கை நீளத்துக்கு ஒரு கறி உருளை. பன்றி என்று யாரோ கத்தினார்கள், அவ்வளவுதான், தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எல்லாப் பெண்களும் சமையலறை வாசலில் வந்து அடைத்துக்கொண்டார்கள், ஒருத்தி வாயில் தலைத்துணியைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். “இந்தப் பானையிலதான என் பிள்ளைக்கும் எடுத்துட்டுப் போனேன்” என்று ஒருத்தி அழ ஆரம்பித்தாள். ஒஃபெர் குரலை உயர்த்தாமல் சொன்னான், “யார் மேலயும் பழி போட எனக்கு இஷ்டமில்லை. ஆனா இந்த வாரம் சமையலறையில யாரு? பன்னி ஃபாக்டரியில பதினாலு வருஷம் வேலை பாத்தது யாரு? நாளைக்கு நீங்க ஓட்டுப் போடப்போறது யாருக்கு?” மூன்று கேள்வி, மூன்றுக்கும் ஒரே பதில், நான்.

என்ன போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பன்றிதான் என்றால் கோஷர் சான்றிதழ் போகும், உணவுக்கூடம் பூட்டப்படும், இடதுபக்கம் ஒருத்தியும் இனி ரஷ்யாக்காரி பக்கத்தில் உட்கார மாட்டாள், குழு பிறக்கும் முன்பே செத்துவிடும். என் வேலை போகும், நாற்பத்தேழு வயதில் என் அரைகுறை ஹீப்ருவை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எனக்கு இன்னொரு கதவு இல்லை. மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரிகள் எனக்கு வழிவிட்டு விலகி நிற்பார்கள். நான் மேசைக்குப் பக்கத்தில் போனேன். போனதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது கிரிஷா. அடக்க முடியவில்லை. ஒஃபெர், “பாருங்க, சிரிக்கிறா” என்றான். ஜோஹராவின் முகம் சுவராக இருந்தது. நான் கேட்டேன், “இது பன்னின்னு யார் சொன்னது?” எல்லோரும் சாதோக்கைப் பார்த்தார்கள். சாதோக், “ஒஃபெர்தான் போன்ல சொன்னான்” என்றார். “நீங்க பன்னிக்கறி பாத்திருக்கீங்களா சாதோக்?” “ஐயோ கடவுளே, நான் ஏன் பாக்கணும்!” “நீ பாத்திருக்கியா ஒஃபெர்?” “பாத்தாலே தெரியலையா?” “எப்படித் தெரியும், எதோட ஒப்பிட்டு?” அவன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டான். வாசலில் நின்ற இடதுபக்கப் பெண்களைக் கேட்டேன், ஒருத்தியும் தன் வாழ்நாளில் பன்றிக்கறியைக் கண்ணால் கண்டதில்லை. அத்தனை பேரும் எதைக் கண்டு நடுங்குகிறார்களோ அது எப்படி இருக்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

தெரிந்தவர்கள் இருந்தார்கள். வலதுபக்கத்து நாற்பது பெண்கள், மின்ஸ்கிலும் கார்கிவிலும் வாழ்நாள் முழுக்கத் தின்றவர்கள், வாசலில் நிற்கும்போதே வாசனையில் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் இது பன்றி இல்லை என்று. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாய் திறந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. ஒஃபெர் மேல் வந்ததைவிட அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது, ஆனால் என் முகத்தையும் நான் அப்போது பார்க்கவில்லை, அதுவும் தரைப்பக்கம்தான் இருந்திருக்கும். இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருஷமாக நானும் யார் கேட்டாலும் கோமெலில் வீட்டில் கோழிதான் என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தானே. இப்போது நான் தப்பிக்க வேண்டுமென்றால் அந்தப் பொய்யை நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு முன்னால் நானே கிழிக்க வேண்டும். கிழித்தேன். சொன்னேன், “எனக்குத் தெரியும். நான் பன்னிக்கறி சோதிச்சிருக்கேன், வெட்டியிருக்கேன், தின்னிருக்கேன், என் புருஷனும் என் மகனும் தின்னிருக்காங்க. அந்த நாட்டுல கடையில அதுதான் இருந்துச்சு. அதனால சொல்றேன், இது பன்னி இல்லை. பன்னிக்கு கொழுப்பு வெள்ளையா கறிக்குள்ள ஓடும், விரல் சூட்டுல உருகும். இதுல கொழுப்பே இல்லை. இது வான்கோழிக் கால், எலும்பெடுத்துச் சுருட்டிப் புகை போட்டது.” ஒஃபெர், “தப்பிக்கணும்னா என்ன வேணா சொல்லுவா, இவ பேச்ச எப்படி நம்புறது?” என்றான். அது நியாயமான கேள்விதான். நான் ஜோஹராவைத் திரும்பிப் பார்த்தேன். “என்னை நம்ப வேண்டாம். நீ வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வான்கோழிக் கால் சமைக்கிறவதானே. வா, வந்து கை வை.”

கை வைத்துப் பார்த்து அது பன்றியாக இருந்தால் ஜோஹரா அந்தக் கையை வாழ்நாள் முழுக்க மன்னிக்க மாட்டாள், நான் அவளை என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். அவள் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டிக்கொண்டு வந்தாள். “ரஷ்யாக்காரி, இது மட்டும் பொய்யா இருந்துச்சு, உன்ன இதே பானையில வேக வைப்பேன்” என்று என் காதில் சொல்லிவிட்டு வெறும் கையால் அந்த உருளையைப் பிடித்தாள். நான் கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன். உனக்குத் தெரியாது, வான்கோழி நடந்து நடந்து அதன் காலில் இருக்கிற நரம்பு முற்றி எலும்பாகிவிடும், தீக்குச்சி மாதிரி கட்டியான முள், கோழிக்குக்கூட அப்படி இருக்காது, நாலு கால் பிராணி எதற்கும் கிடையாது. கறியைச் சுருட்டுகிறவர்கள் அவசரத்தில் ஒன்றிரண்டை விட்டுவிடுவார்கள். ஜோஹராவின் விரல் பிளவுக்குள் போய்த் தேடியது, நின்றது, பிடித்து இழுத்தது. விரல் நீளத்துக்கு ஒரு முள் வந்தது. அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்காத குறை. பிறகு அந்த ஆலையின் கூரை கிழிகிற மாதிரி கத்தினாள், “வான்கோழிடீ! அடியே எல்லாரும் பாருங்கடீ, என் மாமியார் தொண்டையில மாட்டுற அதே முள்ளு! முப்பது வருஷமா இந்த முள்ள உருவி உருவி என் நகம் தேஞ்சுபோச்சு, எனக்குத் தெரியாதா!” பெண்கள் நெருக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள், முள் கைக்குக் கை மாறியது, ஒவ்வொருத்தியும் ஆமாம் ஆமாம் என்றாள், வான்கோழி சமைக்காதவள் இந்த நாட்டில் யார் இருக்கிறாள். சாதோக் அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, வெளிச் சாமான் சமையலறைக்குள் வந்தது தப்பு, அதற்கு ஒரு திட்டு உண்டு, ஆனால் பானையில் குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு மெதுவாக ஒஃபெர் பக்கம் திரும்பினார். “நீ போன் பண்ணும்போது பொட்டலம் கட்டின மாதிரியே இருந்துச்சு. நான்தான் பிரிச்சேன். கட்டின பொட்டலத்துக்குள்ள பன்னி இருக்குன்னு உனக்கு யாருப்பா சொன்னது?” ஒஃபெர் வாசனை வந்தது என்றான். ஜோஹரா, “வாழ்க்கையில மோந்தே பாக்காத வாசனையை கண்டுபிடிச்ச மூக்கு! ஏன்டா, அந்த மூக்குக்கு நாங்க ஒன்னுக்கு வருதுன்னு சொன்னா மட்டும் சீட்டு வேணுமா?” என்றாள். சிரிப்பு இடது பக்கம் ஆரம்பித்து வலது பக்கம் போய் முடிந்தது. அவன் அந்தச் சிரிப்பின் நடுவில் வழி தேடி வெளியே போனான், அவனுக்கு யாரும் சீட்டு கொடுக்கவில்லை.

மறுநாள் வாக்கெடுப்பு. நூற்றுப் பன்னிரண்டில் நூற்று ஆறு. எழுத்தாலேயே எழுதுகிறேன், நூற்று ஆறு. அப்பா அன்றைக்கு வீட்டில் பாட்டுப் போட்டு முழங்கால் வலியோடு ஒரு சுற்று ஆடினார். சீட்டுப் புத்தகத்தை ஜோஹராவே தைக்கிற மிஷினுக்கு அடியில் வைத்து விளிம்பு விளிம்பாகத் தைத்து மூடிவிட்டாள், இனி ஒரு தாளும் கிழியாது. ஒஃபெரை வேறு ஊர் ஆலைக்கு மாற்றிவிட்டார்கள், இதைவிட நல்ல நாற்காலி என்று கேள்வி, அவனைப் போன்றவர்கள் விழுந்தாலும் மெத்தையில்தான் விழுவார்கள். முதலாளி ஒரு நாள் மிஷின்களையெல்லாம் எல்லை தாண்டி, கூலி இன்னும் குறைவான இடத்துக்குக் கொண்டுபோவான் என்றும் எனக்குத் தெரியும், உன் அம்மா முட்டாள் இல்லை. ஆனால் கொண்டுபோகிற அந்த நாளில் நாங்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே பக்கத்தில் நிற்போம், அதற்குள் எத்தனை தரம் வேண்டுமோ அத்தனை தரம் ஒன்றுக்குப் போய் வருவோம்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. பன்றி என்று காட்ட வேண்டுமென்றால் பன்றியையே வைத்திருக்கலாமே, ரஷ்யாக்காரர் கடையில் தாராளமாகக் கிடைக்கிறதே. வெள்ளிக்கிழமை முள்ளங்கிக்குப் போட உரம் வாங்க பீர்ஷேபா போனபோது அங்கே ரஷ்யக் கறிக்கடை வைத்திருக்கிற சியோமாவிடம் போனேன். இந்த நாட்டில் என்னை அப்பா பெயரையும் சேர்த்து மரியாதையாகக் கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான். நான் கதையைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். “ரைசா மத்வேயெவ்னா, குட்டையா, நெத்தியில கண்ணாடிய ஏத்தி வெச்சிருப்பானா? அவன் இங்க மூணு தடவை வந்தான். முதல் தடவை வெள்ளைக்கறி இருக்கான்னு கேட்டான், இவங்க பன்னின்னு வாயால சொல்ல மாட்டாங்களே, வெள்ளைக்கறிதான். எடுத்துக் காட்டினேன், வேர்த்துக் கொட்டிச்சு, போயிட்டான். ரெண்டாவது தடவை கட்டச் சொன்னான், கட்டி நீட்டினேன், கை நீட்டுறான், இழுத்துக்கறான், நீட்டுறான், இழுத்துக்கறான், பாம்பத் தொடுற மாதிரி. கார்ல வைக்க முடியாதுன்னான். அதுல என் பொண்ணு உக்காருவான்னான். மூணாவது தடவை வந்து, பாக்க இதே மாதிரி இருக்கற சுத்தமான கறி ஏதாவது குடு, அங்க யாருக்கும் வித்தியாசம் தெரியாதுன்னான். நான்தான் வான்கோழி உருளைய ரஷ்யப் பேப்பர்ல சுத்திக் கொடுத்தேன். விளையாட்டுக்கு யாரையோ ஏமாத்தப் போறான்னு நெனச்சேன், சத்தியமா.” நான் அந்தக் கடையில் நின்று இரண்டாவது தடவையாகச் சிரித்தேன். அங்கே யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டவன் குற்றவாளிக்குத் தெரியும் என்பதை மறந்துவிட்டான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நம் பழைய சட்டத்தில் ஒட்டகமும் முயலும் பன்றியும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன, குளம்பு பிளந்திருக்க வேண்டும், அசை போட வேண்டும், இரண்டில் ஒன்று இல்லையென்றால் தின்னாதே. ஒட்டகத்தைத் தின்னமாட்டேன் என்று எவனாவது செத்தானா? யூதனே முயல் தின்னு என்று எவனாவது நம்மைத் துரத்தினானா? கிரேக்க ராஜா காலத்தில் ஒரு கிழவர் வாயைப் பிளந்து பன்றியைத் திணித்தார்கள். கூட இருந்த நண்பர்கள் தனியாக அழைத்துப்போய், உனக்குத் தகுந்த கறியை நீயே கொண்டுவா, பன்றி தின்பதுபோல் பாவனை செய்துவிடு, உயிரோடு விட்டுவிடுவார்கள் என்றார்களாம். அந்தப் பாவனையும் மாட்டேன் என்று செத்தார். ஸ்பெயினில் மதம் மாறியவர்கள் வீட்டுப் புகைபோக்கியையும் சட்டியையும் மோந்து பார்த்தார்கள். ஜெர்மனியில் கிறிஸ்தவக் கோயில் சுவரிலேயே பன்றியின் மடியில் நம்மைச் செதுக்கி வைத்தார்கள், இன்றும் இருக்கிறது. என் அப்பா சின்ன வயதில் கோமெல் முற்றத்தில் பிடித்து வைக்கப்பட்டு உதட்டில் பன்றிக் கொழுப்பு தேய்க்கப்பட்டவர். அதே மனிதர் போரில் டின்னில் அடைத்த பன்றியைத் தின்றுதான் உயிரோடு திரும்பினார், இல்லையென்றால் நான் இல்லை, நீ இல்லை. சட்டம் ஒரு வரிதான் எழுதியது கிரிஷா, மீதியை நம்மை வெறுத்தவர்கள் எழுதினார்கள், நாமும் விடாமல் பதில் எழுதினோம், அப்படித்தான் ஒரு பாவப்பட்ட மிருகம் நமக்கும் அவர்களுக்கும் நடுவில் வேலியாக நின்றது. இப்போது அதே வேலியை நம் ஆளே எடுத்து நம் நடுவில் நட்டுவைக்கப் பார்க்கிறான், அதுதான் எனக்கு ஆத்திரம். அந்தக் கிழவருக்குச் சொன்ன தந்திரத்தைத்தான் ஒஃபெரும் செய்தான், சுத்தமான கறியைப் பன்றி என்று பாவனை காட்டினான், சாகாமல் இருப்பதற்காக இல்லை, எங்களை ஒன்றுக்குப் போகவிடாமல் இருப்பதற்காக. ஆனால் சாமியில்லை சட்டமில்லை என்று திரிகிற அவன் கைகூட அந்தப் பொட்டலத்தைத் தொட மறுத்ததே, அவனைக் காட்டிக்கொடுத்தது அந்தக் கைதான், அதை நினைக்க நினைக்க எனக்கு அவன்மேல் ஒரு பைசா பாசம் வருகிறது, அதற்கு மேல் இல்லை.

நம் வீட்டை நினைத்துப் பார். கோமெல் அடுக்களையில் பன்றிக்கறி வந்தால் நான் என்ன செய்வேன்? பலகையை நகர்த்திவிட்டு செய்தித்தாளை விரிப்பேன். அதன் மேல்தான் வெட்டுவேன், அந்த ஒரு கறுப்புச் சட்டியில்தான் பொரிப்பேன், அந்தச் சட்டி தனியாக ஜன்னலுக்கு வெளியே தொங்கும், நாம் மூன்று பேரும் காகிதத்தின் மேல் வைத்தே தின்போம், தின்றதும் காகிதத்தைச் சுருட்டி எறிவேன், தட்டு அழுக்காகாது. ஏன் அம்மா தட்டில் போடக் கூடாது என்று நீ ஒரு தரம் கேட்டாய், கழுவுகிற வேலை மிச்சம் என்றேன். என் அம்மாவும் அப்படியே செய்தாள், நான் கேட்டபோது அவளும் அதையேதான் சொன்னாள். யூதரல்லாத கீழ்வீட்டு வாலண்டினா தட்டில் வைத்துத் தின்றாள், உருளைக்கிழங்கும் அதே தட்டில் கழுவித்தான் தின்றாள். இரண்டு தலைமுறையாக ஜெபம் தெரியாது, எழுத்து தெரியாது, பண்டிகை தெரியாது, ஆனால் காகிதத்தை விரிக்க மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் தெரிந்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் வெங்காயத்தோடு சமையலறையில் நின்றேன், சாதோக் வந்தார், சட்டைப் பையில் கைவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தார், அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியை என் பக்கம் நீட்டினார். “நீ பத்த வை” என்றார். நான் அவ்வளவு பேர் முன்னால் தின்றேன் என்று சொன்ன பிறகுமா என்று கேட்டேன். “சொல்லும்போது உன் முகம் சிவந்துச்சு பாரு, காது வரைக்கும். யூதச்சி இல்லைன்னா எதுக்குச் சிவக்கணும்? ஆமா தின்னேன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருப்பா” என்றார். முதல் குச்சி அணைந்துவிட்டது, இரண்டாவதில் நான்கு அடுப்பையும் பற்ற வைத்தேன். ஜோஹரா பின்னாலிருந்து, “பாத்துடீ, தலைமுடிய கொளுத்திக்கப் போற” என்றாள். ஆறு வருஷத்தில் இந்த நாட்டில் நான் ஜெயித்த ஜெயம் அது, நூற்று ஆறு வாக்கைவிடப் பெரியது.

அதனால் அந்தப் பாகிஸ்தான்காரரிடம் புழுக் கதை சொல்லாதே, இதைச் சொல், அவருக்குப் புரியும். தினம் சூடாக ஏதாவது குடி, தொப்பி இல்லாமல் வெளியே போகாதே, ரயிலில் தூங்கிவிடாதே, ஜோஹரா உனக்குப் பெண் பார்த்திருக்கிறாள், அவளுடைய தங்கை மகளாம், பல் மருத்துவம் படிக்கிறாளாம், நான் ஒன்றும் சொல்லவில்லை, எழுதச் சொன்னாள் எழுதிவிட்டேன். நீ எங்கே இருந்தாலும் யாரிடமும் சீட்டுக்குக் கை நீட்டாமல் தலை நிமிர்ந்து நல்ல ஆயுசோடு இருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உன்னோடு இருக்கிறது. பதில் சீக்கிரம் எழுது. எழுதும்போது எனக்கு ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல், நான் திட்டமாட்டேன். அங்கே தனியாக இருக்கும்போது எப்போதாவது அதைத் தின்கிறாய் என்று எனக்குத் தெரியும். தட்டில் வைத்தா தின்கிறாய், காகிதம் விரித்தா?

என்றும் உன்னையே நினைக்கும்
உன் அம்மா
ரைசா